தில்லி சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? ஏமாறாமல் போய்த் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் கரோல்பாகில் எங்கள் வீட்டு ஹாலில் விரித்த பாயை மடிக்க நேரமிருக்காது. திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா குடும்பம், அவர்கள் கிளம்பிய மறுநாளே அம்மா வழியில் யாராவது, நடுநடுவே அலுவலக நண்பரின் மச்சான். செங்கோட்டை, குதுப் மினார், தாஜ்மகால் என்று பட்டியலோடு வருவார்கள். திரும்பும்போது சிலரிடம் ஒரு ஏமாந்த கதையும் சேர்ந்திருக்கும். ஐந்து நிமிட தூரத்துக்கு ஆட்டோக்காரர் 400 ரூபாய் வாங்கியது, ‘கவர்மென்ட் கடை’ என்று நம்பிச் சால்வை எடுத்தது, கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை வைத்துக்கொண்டே இன்னொரு டிக்கெட் வாங்கியது.

இப்படி மாட்டியவர்களில் பேங்க் மேனேஜர் உண்டு, ஹெட்மாஸ்டர் உண்டு. விவரம் தெரியாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கதையும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கும்: “நாங்க பாட்டுக்கு நின்னுட்டிருந்தோம், ஒருத்தர் வந்து பேச்சுக் கொடுத்தார்.”

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே விதிதான். உதவி செய்கிறேன் என்று தானாக வருபவரிடம் உதவி வாங்காதீர்கள். வேண்டுமானால் நீங்களே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துப் போய்க் கேளுங்கள். மருந்துக்கடைக்காரர், மெட்ரோ வாசலில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் குடும்பம், யாராக இருந்தாலும் சரி. தில்லிக்காரர்கள் பேச்சில் கொஞ்சம் முரட்டுத்தனம் தெரியும். ஆனால் கேட்டுவிட்டால் கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார்கள். ஏமாற்றுகிறவருக்கோ நீங்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது.

படி 1: ஊரிலிருந்து கிளம்பும் முன்

முதலில் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுதில்லிக்கு வரும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனோடு நின்றுவிடும். பழைய தில்லி ஸ்டேஷன் வேறு. மூன்றும் ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கின்றன. திரும்பும் டிக்கெட்டிலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வேறு ஸ்டேஷனில் என்று கடைசி நேரத்தில் தெரிந்து அலறும் குடும்பம்தான் டாக்ஸிக்காரருக்கு நல்ல கிராக்கி.

ஓட்டல் புக் செய்ததும் அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டு வாட்ஸப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அருகில் எந்த மெட்ரோ ஸ்டேஷன், எத்தனையாம் எண் வாசல், இந்தியில் எழுதிய முகவரி. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். ஆங்கில முகவரியைக் காட்டினால் ஆட்டோக்காரர் பக்கத்தில் நிற்பவரிடம் படிக்கச் சொல்வார். அந்தப் பக்கத்து ஆள்தான் “அந்த ஓட்டலா, அது மூடியாச்சே” என்பார். பகார்கஞ்சிலும் கரோல்பாகிலும் ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து ஓட்டல்கள் இருக்கும். ‘கிராண்ட்’, ‘பேலஸ்’, ‘இன்’ என்று வால் மட்டும்தான் மாறும். ஓட்டலின் போன் நம்பரை கூகுளில் தேடாதீர்கள். புக்கிங் உறுதிச் செய்தியில் உள்ள நம்பரை எடுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று போலி நம்பர்களைப் போட்டு வைத்திருப்பது பழைய தந்திரம். “முழுப் பணத்தையும் இப்பவே என் நம்பருக்கு அனுப்புங்க, டிஸ்கவுண்ட் தர்றேன்” என்று தனி ஆள் பெயரில் யுபிஐ ஐடி வந்தால் அந்த ஓட்டலே வேண்டாம்.

ஓட்டலில் கொடுக்க ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகல் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே ‘மாஸ்க்ட் ஆதார்’ என்று இறக்கிக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்து, குறுக்கே ‘ஓட்டலில் தங்க மட்டும்’ என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

விடுமுறை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளி. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் தினமும் திறந்திருக்கும். இது தெரிந்திருந்தால், “இன்னிக்கு மூடிட்டாங்க, நான் வேற நல்ல இடம் காட்டறேன்” என்ற வசனம் உங்களிடம் எடுபடாது.

யுபிஐக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்து, அதில் அன்றாடச் செலவுக்கு மட்டும் பணம் போடுங்கள். சம்பளக் கணக்கையும் எஃப்டி கணக்கையும் யுபிஐயோடு இணைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள்.

படி 2: ரயிலில்

இரண்டு இரவுப் பயணம். எதிர் சீட்டுக்காரரோடு நன்றாகப் பழக்கமாகிவிடும், அதில் தப்பில்லை. ஆனால் திறந்த பிஸ்கட்டோ பாட்டில் ஜூஸோ கொடுத்தால் சிரித்துக்கொண்டே “விரதம்” என்று சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்துப் பொருளை அள்ளிப் போவது பல காலமாக நடக்கிறது, ரயில்வே போலீஸும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெட்டியை சீட்டுக்கு அடியிலுள்ள வளையத்தோடு சேர்த்துச் சங்கிலி போடுங்கள். சார்ஜில் போட்ட போனைத் தூங்கும்போது அங்கேயே விடாதீர்கள். வண்டியில் எது நடந்தாலும் 139.

படி 3: புதுதில்லி ஸ்டேஷன்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். களைப்பு, பசி, கையில் ஏழு உருப்படி, இந்தி தெரியாது. அதனால் இந்த இடத்தை விலாவாரியாகவே சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு இரண்டு முகம். ஒன்றாம் பிளாட்பார்ம் பக்கம் பகார்கஞ்ச், பதினாறாம் பிளாட்பார்ம் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோவின் மஞ்சள் தடமும் விமான நிலைய எக்ஸ்பிரஸ் தடமும் அஜ்மேரி கேட் பக்கம். ஓட்டல் பகார்கஞ்ச் மெயின் பஜாரில் என்றால் ஒன்றாம் பிளாட்பார்ம் வழியாக வெளியே வந்து சாலையைக் கடந்தால் போதும், நடை தூரம்தான். அதே ஓட்டலுக்கு ஆட்டோ ஏறினால் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு 300 ரூபாய் கேட்பார்கள். எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வண்டியில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். மேம்பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால், புதியவர் என்று அந்தப் பார்வையே சொல்லிவிடும்.

சுமை தூக்க ஆள் வேண்டுமென்றால் சிவப்புச் சட்டையும் கையில் எண் பொறித்த பித்தளை வில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். கூலியைப் பேசிவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள், வில்லை எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆளை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

இனி வாசலில் நடப்பது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை. அட்டை எப்போதும் திரும்பியே தொங்கும், எழுத்து தெரியாது. “மேடம், டிக்கெட் திக்காயியே” (டிக்கெட்டைக் காட்டுங்கள்) என்று அதிகாரமாகக் கேட்பார். நீங்கள் போனை நீட்டியதும் பிஎன்ஆரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆக்ராவுக்கோ ஹரித்வாருக்கோ எடுத்த டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது என்பார். நீங்கள் நம்பாத மாதிரித் தெரிந்தால் அவரே ஒரு நம்பரைப் போட்டு உங்கள் காதில் வைப்பார். மறுமுனையில் ‘ரயில்வே ஆபீஸர்’ சுத்தமான ஆங்கிலத்தில், “யெஸ், கேன்சல்டு. டூரிஸ்ட் ஆபீஸுக்குப் போனால் ரீஃபண்ட் தருவார்கள்” என்பார். திரும்பிப் பார்த்தால் ஆட்டோ தயாராக நிற்கும், 20 ரூபாய்தான் கேட்பார். கன்னாட் பிளேஸில் ஒரு கண்ணாடிக் கதவு, சுவரில் இந்திய வரைபடம், தால் ஏரிப் படகுவீட்டின் படம், ‘கவர்மென்ட் அப்ரூவ்டு’ என்று ஒரு போர்டு. அரை மணி கழித்து நீங்கள் காரும் ஓட்டலும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வருவீர்கள். டிக்கெட் கேன்சலே ஆகியிருக்காது.

இந்த நாடகத்தை நிறுத்த முதல் காட்சியிலேயே இறங்கிவிட வேண்டும். ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நிற்கும் யாருக்கும் உங்கள் டிக்கெட்டைப் பார்க்கும் வேலை கிடையாது. இ-டிக்கெட்டில் முத்திரை வாங்க வேண்டும், போர்டிங் பாஸ் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. சந்தேகம் வந்தால் உங்கள் போனிலிருந்து நீங்களே 139-க்குப் பேசுங்கள். அடுத்தவர் போட்டுக் கொடுக்கும் போனில் பேசாதீர்கள். ‘நஹீ ஜி’ (வேண்டாம்) என்று சொல்லிவிட்டு, நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். காரணம் சொல்ல வேண்டாம். நம்மவர்கள் மரியாதைக்கு நின்று, “இல்லீங்க, நாங்க ஏற்கனவே ரூம் புக் பண்ணிட்டோம்” என்று விளக்குவார்கள். அடுத்த கேள்வி “எந்த ஓட்டல்?” என்று வரும், பிறகு விட மாட்டார்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் தமிழர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில்வே முன்பதிவு அலுவலகம் பகார்கஞ்ச் பக்கம் ஸ்டேஷன் கட்டடத்தின் முதல் மாடியிலேயே இருக்கிறது. “அது இடம் மாறிவிட்டது, தீப்பிடித்துவிட்டது” என்று படிக்கட்டிலேயே மறிப்பார்கள். ஏறிப் போய்ப் பாருங்கள். மத்திய அரசின் உண்மையான சுற்றுலா அலுவலகம் ஜன்பத் 88-ஆம் எண்ணில். கன்னாட் பிளேஸைச் சுற்றி அதே பெயரில் கண்ணில் படுகிற மற்றதெல்லாம் தனியார் ஏஜென்சி.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூன்றாம் டெர்மினலிலிருந்து எக்ஸ்பிரஸ் மெட்ரோ சுமார் இருபது நிமிடத்தில் புதுதில்லியில் இறக்கிவிடும். முதல் டெர்மினலில் மெஜந்தா தட மெட்ரோ இருக்கிறது. வாசலில் “டாக்ஸி, டாக்ஸி” என்று பின்னாலேயே வருபவரை மட்டும் தவிர்த்தால் போதும்.

படி 4: மெட்ரோ முதலில், ஆட்டோ அப்புறம்

தில்லியில் ஏமாறாமல் இருக்க மெட்ரோ ஒன்றே பாதி வழி. கட்டணம் எழுதிப் போட்டிருக்கிறது, பேரம் இல்லை, முதல் பெட்டி பெண்களுக்கு. புதுதில்லியிலிருந்து ராஜீவ் சௌக் அடுத்த ஸ்டேஷன். சாந்தினி சௌக் எதிர்த் திசையில் இரண்டாவது. கரோல்பாக் என்றால் ராஜீவ் சௌக்கில் நீலத் தடத்துக்கு மாற வேண்டும். ராஜீவ் சௌக்கில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போதுதான் பேன்ட் பாக்கெட்டில் கை வரும். பர்ஸ் முன் பாக்கெட்டில், முதுகுப்பை மார்புப் பக்கம். ஸ்கேனரில் பையைப் போட்டால் அது வெளியே வரும் இடத்துக்குக் குடும்பத்தில் ஒருவர் முன்னாலேயே போய் நிற்கட்டும். பெண்களுக்குத் தனி வரிசை என்பதால் பை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக ஆகிவிடும்.

ஆட்டோவுக்கு ஆப் நல்லது. ஆப் காட்டும் பின் நம்பரை டிரைவரிடம் சொல்லும் முன் வண்டி எண்ணை ஒப்பிடுங்கள். “ஆப்பை கேன்சல் பண்ணுங்க, காசா கொடுங்க” என்றால் இறங்கிவிடுங்கள். கேன்சல் செய்த நிமிடத்தில் அந்தப் பயணத்துக்கு எந்தப் பதிவும் கிடையாது. மீட்டர் ஆட்டோ என்றால், 2023 ஜனவரியில் அறிவித்த கட்டணப்படி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். அதாவது ஆறு கிலோமீட்டருக்குச் சுமார் 80 ரூபாய். மீட்டர் போடுபவர் கிடைப்பது அபூர்வம்தான். ஆனாலும் இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அவர் 300 என்னும்போது நீங்கள் 120-ல் பேச்சை ஆரம்பிக்கலாம்.

ஸ்டேஷனிலும் விமான நிலையத்திலும் போலீஸ் நடத்தும் ப்ரீபெய்டு பூத் உண்டு. பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். ஓட்டல் வாசலில் இறங்கிப் பெட்டியை எல்லாம் எடுத்த பிறகுதான் டிரைவர் கையில் அதைக் கொடுக்க வேண்டும். சீட்டைக் காட்டினால்தான் அவருக்குப் பணம். முதலிலேயே வாங்கிக்கொண்டால் பாதி வழியில் இறக்கிவிட அவருக்குத் தடையே இல்லை.

எண் குழப்பம் இன்னொரு தொல்லை. ஒன்று முதல் பத்து வரை இந்தி தெரிந்தால் சமாளிக்கலாம் என்று நினைத்து வருகிறோம். ஆட்டோக்காரர் பேசுவதோ வேறு:

ஸவா ஸௌ: 125
டேட் ஸௌ: 150
டாயீ ஸௌ: 250
ஸாடே தீன் ஸௌ: 350
பச்சீஸ்: 25, பச்சாஸ்: 50

“தீன் ஸௌ” என்பது மட்டும் காதில் விழுந்து 300 என்று ஏறி, இறங்கும்போது 350-க்குச் சண்டை போட்டவர்கள் உண்டு. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். பேசிய தொகையைப் போன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ‘மொத்தம் இவ்வளவு, ஆளுக்கு இல்லை’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்: “ஸப் மிலாகே?” சாந்தினி சௌக்கின் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கிடையாது. அங்கே ரிக்‌ஷாவோ நடையோதான்.

பணம் கொடுக்கும்போது நோட்டின் மதிப்பைச் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். 500 கொடுத்தால் “பாஞ்ச் ஸௌ” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த 500-ஐ மடியில் நழுவவிட்டு, கையில் 100 ரூபாய் நோட்டை நீட்டி “ஸௌ தியா ஆப்னே” (நீங்கள் நூறுதான் கொடுத்தீர்கள்) என்னும் வித்தை கண்ணெதிரேயே நடக்கும்.

தில்லியில் சொந்தக் காரிலோ டாக்ஸியிலோ போகும்போது யாராவது கண்ணாடியைத் தட்டி, “என்ஜின்ல ஆயில் ஒழுகுது”, “கீழே பணம் கிடக்குது” என்றால் இறங்காதீர்கள். தக்-தக் கும்பல் என்று பெயர். ஒருவர் பேச்சுக் கொடுப்பார், மறுபக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். கதவுகள் பூட்டியே இருக்கட்டும்.

படி 5: பார்க்கும் இடங்களில்

தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு டிக்கெட் ஆன்லைனிலேயே எடுக்கலாம். விலை கவுன்டரில் எழுதியிருக்கும். ‘வரிசையில் நிற்காமல்’ என்று வாசலில் விற்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர்கள் கவனிக்க: சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் தில்லியின் தொல்லியல் துறைச் சின்னங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இந்தியர் கட்டணமே. இதைத் தெரியாமல் பல மடங்கு கொடுத்து உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். கைடு வேண்டுமானால் சுற்றுலா அமைச்சகம் கொடுத்த அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தொகையையும் நேரத்தையும் முன்பே பேசிவிடுங்கள். சுற்றி முடித்ததும் ‘ஒரு கடை பார்க்கலாம்’ என்பது அதில் அடங்காது.

வழிபாட்டு இடங்களில் நம்மவர்கள் கொஞ்சம் இளகிவிடுவார்கள். பங்களா சாகிப் குருத்வாராவில் செருப்பு வைப்பது, சாப்பாடு இரண்டுமே இலவசம். ஜாமா மசூதிக்குள் போவதற்கும் கட்டணம் கிடையாது. நிஜாமுதீன் தர்காவுக்குப் போகும் சந்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நீட்டுவார்கள். முந்தைய பெயர்களுக்கு எதிரே 1001, 2100, 5000 என்று எழுதியிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களும் ஆயிரம் எழுதுவதற்கான ஏற்பாடு அது. கொடுக்க நினைத்தால் உண்டியலில் பத்து ரூபாய் போட்டாலும் போதும். அக்ஷர்தாமில் போனுக்கு அனுமதி இல்லை. கோயிலின் சொந்த க்ளோக் ரூமில் கொடுங்கள், வெளியே கடை வைத்திருப்பவரிடம் வேண்டாம்.

படி 6: கன்னாட் பிளேஸில் நடக்கும்போது

வெள்ளைத் தூண் வரிசையில் நிழலாக நடக்கலாம், நல்ல இடம். இங்கே மூன்று பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷூ துடைப்பவர். நடந்துகொண்டிருப்பீர்கள். “ஸார், ஷூ!” என்று ஒருவர் காட்டுவார். குனிந்தால் ஷூவின் மேல் பச்சையாக, ஈரமாக ஒரு பிடி சாணி. மேலே காக்கா கிடையாது, தரையில் மாடும் கிடையாது. நிமிர்ந்தால் அவர் தோளில் துணியும் பாலிஷ் டப்பாவும் இருக்கும். துடைத்ததும் கேட்கும் தொகை ஷூ விலையில் பாதி. அப்படியே நடந்து போய்க் குழாயடியில் கழுவிக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், அவர்கள் தனி ஆளாக இருக்க மாட்டார்கள்.

காது சுத்தம் செய்பவர். பஞ்சு சுற்றிய ஊசியை உங்கள் காதில் விட்டு, ஏற்கனவே விரலிடுக்கில் வைத்திருந்த கூழாங்கல்லை எடுத்துக் காட்டுவார். பண நஷ்டத்தை விட செவிப்பறைதான் என் கவலை.

மூன்றாவது ஆள்தான் கெட்டிக்காரர். கல்லூரி மாணவர் மாதிரி இருப்பார். “நீங்க சென்னையா? என் ரூம்மேட் கோயம்புத்தூர். வணக்கம், சாப்பிட்டீங்களா?” என்று இரண்டு தமிழ் வார்த்தை சொல்வார். வேற்றூரில் தமிழைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அவர் ‘தெரிந்த’ டூரிஸ்ட் ஆபீஸிலோ காஷ்மீர் சால்வைக் கடையிலோ உங்களை உட்கார வைத்துவிடுவார். மணாலி, காஷ்மீர் பேக்கேஜ் எடுக்க வேண்டுமென்றால் அறைக்குத் திரும்பி, ஒரு நாள் கழித்து, நீங்களே விசாரித்து எடுங்கள். “இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்” என்ற பேச்சு வந்தால் எழுந்துவிடலாம்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. டேட்டிங் ஆப்பில் அறிமுகமான பெண், தானே ஒரு கஃபேயின் பெயரைச் சொல்லி அங்கேதான் சந்திக்க வேண்டும் என்று அடம் பிடித்தால் போகாதீர்கள். இரண்டு ஜூஸுக்குப் பல்லாயிரம் ரூபாய் பில், வாசலில் பவுன்சர், பாதியில் மாயமான அந்தப் பெண் என்று தில்லி போலீஸ் பல வழக்குகளைப் பிடித்திருக்கிறது.

படி 7: கடைகள்

ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் எந்தக் கடையிலும் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். உண்மையான அரசுக் கடைகள் எங்கே என்று தெரிந்துகொண்டால் பிரச்சினையே இல்லை. ஜன்பத்தில் சென்ட்ரல் காட்டேஜ் இண்டஸ்ட்ரீஸ் எம்போரியம். பாபா கரக் சிங் மார்கில் வரிசையாக மாநில எம்போரியங்கள், நம்ம பூம்புகாரும் அங்கே உண்டு. காஷ்மீர் எம்போரியத்தில் பஷ்மினா சால்வையைத் தொட்டுப் பார்த்து, விலையையும் தெரிந்துகொண்டு வந்தால், சாந்தினி சௌக்கில் 500 ரூபாய்க்கு ‘ஒரிஜினல் பஷ்மினா’ என்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஐஎன்ஏ அருகே தில்லி ஹாட்டில் நுழைவுக் கட்டணம் உண்டு, உள்ளே கைவினைஞர்களே உட்கார்ந்து விற்பார்கள்.

சரோஜினி நகரில் பேரம் ஒரு விளையாட்டு. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சொன்ன விலையில் பாதிக்கும் கீழே கேளுங்கள். பாலிகா பஜாரில் எலக்ட்ரானிக் சாமான் வாங்காதீர்கள். தெருவில் நின்று ‘அவசரம், ஐபோன், பத்தாயிரம்’ என்பவரைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். காட்டும் பெட்டி ஒன்று, கையில் தருவது இன்னொன்று. ‘வீட்டுக்கே கூரியர் அனுப்பறோம்’ என்றால் வேண்டாம், தூக்க முடிந்ததை மட்டும் வாங்குங்கள்.

படி 8: ஆக்ரா ஒரு நாள்

பகார்கஞ்ச் ஏஜென்டின் பஸ் டூரில் தாஜ்மகாலுக்கு ஒரு மணி நேரம், மார்பிள் கடைக்கும் பேட்டா என்னும் பூசணி இனிப்பு விற்கும் கடைக்கும் இரண்டு மணி நேரம் என்றுதான் முடியும். நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட் போய்விடும், மாலையில் அதிலேயே திரும்பலாம். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜுக்கும் அன்று விடுமுறைதானே. இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், மும்தாஜ் கல்லறை மண்டபத்துக்குள் போகக் கூடுதலாக 200. கல்லறைக்குப் போகாமலே தாஜைப் பார்க்கலாம் என்பதை வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 9: போனும் பணமும்

பணம் ‘பெற’ யுபிஐ பின் போட வேண்டிய அவசியம் எந்தச் சூழ்நிலையிலும் இல்லை. “ரீஃபண்ட் அனுப்பறேன், பின் போடுங்க” என்றால் அவர் எடுக்கிறார். கியூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதும் நடக்கிறது. டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) தொடாதீர்கள். வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டினால் துண்டியுங்கள், சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. தெருவில் மஃப்டி போலீஸ் என்று சொல்லிப் பர்ஸைத் திறக்கச் சொன்னால், பர்ஸை எடுக்காமல் 112-ஐக் கூப்பிட்டு, “ஸ்டேஷனுக்கே வர்றேன்” என்று சொல்லுங்கள்.

சாலையோரம் நின்று மேப் பார்க்கும்போது போனைச் சாலைப் பக்கம் நீட்டாதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அரை வினாடி போதும். கடை வாசலுக்கு ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

படி 10: நடந்துவிட்டால்

ஐம்பது, நூறு ரூபாய் விஷயமென்றால் விட்டுவிடுங்கள். என் சித்தப்பா 60 ரூபாய்க்காக ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் வாதாடி, சித்தியும் பிள்ளைகளும் வெயிலில் நின்றதுதான் மிச்சம். பெரிய தொகை, பொருள், மிரட்டல் என்றால் விடக் கூடாது.

உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181, 1091. சுற்றுலாப் பயணிகளுக்கு 1363, எந்நேரமும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் வேறு யாருக்கும் சொல்லும் முன் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. அதன்பின் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

பொருள் திருட்டுப் போனால் தில்லி போலீஸ் தளத்தில் இ-எஃப்ஐஆர், தொலைந்துபோனால் ‘லாஸ்ட் ரிப்போர்ட்’. இரண்டுக்கும் ஸ்டேஷன் ஏற வேண்டாம். நேரில் போனால் “இது எங்க எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் புகாரை வாங்கி ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும், 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. போன் போனால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண்ணை ஊரிலேயே *#06# அழுத்திப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மொழி தெரியாமல் திண்டாடினால் தமிழ் கேட்கும் இடங்கள் உண்டு. 1946-ல் தொடங்கிய, இப்போது ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கம், அதே ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என்னும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில், சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லம். மலை மந்திரில் சாயங்கால வேளையில் போய் நின்றால், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வந்து இந்தியில் பேசிக் கொடுக்க ஒரு மாமாவாவது கிடைப்பார். அவரையும் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

பர்ஸோடு அடையாள அட்டையும் போய்விட்டால் திரும்பும் ரயிலை விட்டுவிடாதீர்கள். அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் உள்ள ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ டிக்கெட் பரிசோதகர் ஏற்பார். ஒரே பிஎன்ஆரில் குடும்பமாகப் போனால் யாராவது ஒருவர் அட்டை காட்டினால் போதும். எல்லா அட்டைகளையும் அப்பாவின் பர்ஸிலேயே அடுக்கி வைக்காமல், ஒன்றை அம்மாவின் கைப்பையிலும் இன்னொன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்துவிடுங்கள்.